வார்ப்பு என்று சொன்னவர்

திலகவதி டீச்சரிடம் பழங்காசு பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் கரூரில் சிலர் உண்டு. அவர்களில் ஏகாம்பரம்தான் வயதில் மூத்தவர். டீச்சரைவிடவும் மூத்தவர்.

பெட்ஷீட்டும் திரைச்சீலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர் தொழில். மகன் தலையெடுத்த பிறகு கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் வீட்டுக்கு வந்து, டியூஷன் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் கால் மடக்க முடியாமல் உட்காருவார்.

டீச்சர் பெண்கள் பள்ளியில் வரலாறு எடுப்பவர். வீட்டில் அவர் எடுக்கும் பாடம் வேறு மாதிரி. ஒரு காசைக் கையில் கொடுப்பார். "பாருங்கண்ணா" என்பார். பார்த்துவிட்டு ஏதாவது சொன்னால், "இன்னும் பாருங்க" என்பார்.

ஒருமுறை ஏகாம்பரம் பொறுமை இழந்து கேட்டார்.

"டீச்சருங்க, வார்ப்பா, அடிச்ச காசான்னு ஒரே பார்வையில எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

அந்தக் காலத்தில் உலோக வில்லையின் மேல் அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்துக் காசு எடுத்தார்கள். இந்தக் காலத்தில் போலி செய்கிறவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நல்ல காசு ஒன்றைப் பதித்து அச்செடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றிவிடுகிறான். அது வார்ப்பு.

டீச்சர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு தட்டில் இட்லி ஒன்றும் தட்டுவடை ஒன்றும் இருந்தன.

"ஓரத்தைப் பாருங்க."

தட்டியெடுத்த தட்டுவடையின் ஓரம் அங்கங்கே வெடித்துப் பிளந்திருந்தது. குழியில் ஊற்றியெடுத்த இட்லியின் ஓரம் வழவழவென்று வளைந்திருந்தது. ஏகாம்பரம் வெகுநேரம் பார்த்தார்.

"சாப்பிடலாமுங்களா?" என்றார்.

"பார்த்தாச்சுன்னா சாப்பிடுங்க."

அதன்பிறகு அவருக்கு ஓரங்கள் தெரிய ஆரம்பித்தன.

கரூரில் வருஷத்துக்கு ஒருமுறை காசு சேகரிக்கிறவர்கள் கூடுவார்கள். பெரிய கண்காட்சி என்று சொல்ல முடியாது. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுப்பார்கள். பந்தி மேசைகளில் துணி விரித்து, ஊர் ஊராகப் போகும் வியாபாரிகள் கடை போடுவார்கள். முந்தின நாள் விருந்தின் வாசனை கூடத்தைவிட்டுப் போயிருக்காது. ரூபாய் நோட்டு, ஸ்டாம்ப், பாண்டியர் காசு, வெள்ளைக்காரன் காசு எல்லாம் அந்த வாசனையோடு கைமாறும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காசின்மேல் சந்தேகம் வந்தால் பேசாமல் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வாயைத் திறந்து போலி என்று சொல்லிவிட்டால் அத்தோடு போக முடியாது. காசு டீச்சரின் மேசைக்குப் போகும். விற்க வந்தவர் மறுத்தால் டீச்சர் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். விற்க வந்தவரும் ஒப்புக்கொண்டால் தீர்ப்புக்கு வேலையில்லை. சொன்னவர் கையிலேயே உளியைக் கொடுத்து, எல்லோர் முன்னாலும் அந்தக் காசை வெட்டச் சொல்வார்கள். இன்னொருவரை அது ஏமாற்றக் கூடாது.

அதனால் வார்ப்பு என்ற சொல் அந்தக் கூடத்தில் லேசில் காதில் விழாது. இது ஏகாம்பரத்துக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஹனீபா என்பவர் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். முதல்முறையாக அங்கே மேசை போடுகிறார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இஸ்திரி கலையாத சட்டை. முன்னால் ஒரு மரத்தட்டு. தட்டில் விரல் நகம் அளவே உள்ள கறுப்பும் பச்சையுமான சின்னச் சின்ன ரோமக் காசுகள்.

கூட்டம் முழுக்க அந்த மேசையில்தான். ரோமக் காசு என்றால் தங்கம், வெள்ளி, தொட முடியாத விலை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போய்வரும் செலவில் ஒன்று கிடைக்கும் என்றதும் மொய்த்துவிட்டார்கள்.

"எடுத்துப் பாருங்கண்ணே, கடிக்காது," என்று ஹனீபா சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ஊர்ல கீரைக்கட்டு வாங்குன காசு இது. ராஜா மூஞ்சி இருக்கேன்னு பயப்படாதீங்க."

ஸ்டாம்ப் சேகரிக்கும் பொன்னுரங்கம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஏனுங்க பாய், இந்த ராஜா மூக்கு எங்க வார்டு கவுன்சிலர் மூக்கு மாதிரியே இருக்குதே."

"அப்ப சொந்தக்காரங்களா இருப்பாங்க. எடுத்துட்டுப் போயி அவருகிட்டயே வித்துருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே தட்டுக்குள் கைவிட்டு ஒவ்வொரு காசாகப் புரட்டிப் பார்த்தார். கடைசியாகக் கையில் வந்தது ஒரு காசு. ஒரு பக்கம் மாலை சூடிய தலை. மறுபக்கம் இரண்டு போர்வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். நடுவில் ஒரு கொடிக்கம்பம். ஒருவனுக்கு முகம் தேய்ந்திருந்தது. மற்றவனுக்குக் கண் இருந்தது. மணல் துகள் அளவு கண்.

ஓரத்தைப் பார்த்தார். வெடித்திருந்தது. அடித்த காசு. நல்ல காசு. அந்தப் பச்சை நிறம் உலோகத்திலேயே ஊறி வந்தது, பூசியது அல்ல. ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்தது. இது வேண்டும் என்று நெஞ்சுக்குள் ஏதோ எழுந்து நின்றது.

"இது என்ன விலை பாய்?"

ஹனீபா சொன்னார். அதிக விலை இல்லை. ஏகாம்பரம் தன் காருக்கு ஒருமுறை பெட்ரோல் போடும் காசில் பாதிகூட இல்லை.

அவர் சட்டைப்பையில் கைவைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விலையைக் கேட்டதும் அவர் முகம் தானாகச் சுருங்கியது. உதடு பிதுங்கியது. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"வார்ப்பு மாதிரி இருக்குதே பாய்," என்றார்.

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார்.

அவர் தொழிலில் அது பேச்சே இல்லை. தறிக்காரர் துணியைக் கொண்டுவந்து போடுவார். இவர் விரித்துப் பார்த்து, "நெசவு லூசா இருக்குதே" என்பார். தறிக்காரர் தலையில் கைவைத்துக்கொள்வார். இருவருக்கும் தெரியும், நெசவு லூசாக இல்லை. இவர் இப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் அவர் விலையை ஏற்றிச் சொல்லியிருப்பார். கடைசியில் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுப் பிரிவார்கள். அங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை. அதனால் அது பொய்யாகவும் இருப்பதில்லை.

ஹனீபா நம்பிவிட்டார்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு ஒருபக்கமாக நின்றுபோனது. "நெசமாவாண்ணே?" என்றார்.

பொன்னுரங்கம் தன் கையிலிருந்த காசை மெதுவாகத் தட்டில் வைத்தார். பக்கத்தில் நின்றவரும் வைத்தார். பின்னாலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கழுத்தை இழுத்துக்கொண்டார்கள். வழக்கப்படி வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

"அட, மத்ததெல்லாம் சொல்லல பாய்," என்றார் ஏகாம்பரம். "இது ஒண்ணுதான். பரவால்ல, எனக்கு ஆசையா இருக்குது. பாதி விலைக்குக் குடுங்க. எடுத்துக்கறேன்."

"வேணாம்ணே."

"சரி, பாதிக்கு மேல கொஞ்சம் போட்டுக்குங்க."

"அதுக்கில்லண்ணே. இவ்வளவு நேரம் தெரியாம வச்சிருந்தேன், அது என் அறியாமை. இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே உங்ககிட்ட காசு வாங்குனா அதுக்கு வேற பேரு."

பேரம் இந்தப் பக்கம் திரும்பி ஏகாம்பரம் பார்த்ததே இல்லை.

"பாண்டிச்சேரியில ஒரே வீட்டுல மொத்தமா வாங்குனது," என்றார் ஹனீபா. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரியவரு சேத்து வச்சது. அவரு போனப்புறம் வீட்டுல குடுத்தாங்க. எல்லாம் நல்ல காசுன்னுதான் நெனச்சேன்."

பிறகு அந்தக் காசை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்கண்ணே. இங்க வெட்டிப் போடுற வழக்கம்னு சொன்னாங்க. டீச்சர்கிட்டப் போவோம்."

"எதுக்கு பாய், விடுங்க. நான் ஏதோ..."

"இல்லண்ணே. மொத தடவை வந்திருக்கேன். மறைச்சிட்டான்னு பேர் வரக்கூடாது."

அவர் முன்னால் நடந்தார். ஏகாம்பரம் பின்னால் போனார். மேசைகளுக்கு நடுவே அந்த வழி நீளமாக இருந்தது. இருபக்கமும் பேச்சு ஓய்ந்துகொண்டே வந்தது. பந்தியில் பாதியிலேயே இலையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவரைப் பார்ப்பதுபோல் எல்லோரும் அவர்களைப் பார்த்தார்கள்.

டீச்சர் கூடத்தின் முன்னால், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஹனீபா விஷயத்தைச் சொன்னார். டீச்சர் காசை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஒருமுறை பார்த்தார். லென்ஸைத் தொடவில்லை.

"யார் சொன்னது?"

"இந்த அண்ணந்தான்."

டீச்சர் நிமிர்ந்து ஏகாம்பரத்தைப் பார்த்தார். அவர் கண்கள் எப்போதும்போலத்தான் இருந்தன. டீச்சருக்குத் தெரிந்துவிட்டது என்று ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது. இப்போது சொல்லிவிடுவார், நல்ல காசு என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தார். அவர் காது மடல் சூடாக இருந்தது.

டீச்சர் ஹனீபாவிடம் கேட்டார். "உங்களுக்கு என்னங்க தோணுது?"

"எனக்கு நல்ல காசாத்தான் தெரிஞ்சுது டீச்சர். ஆனா அண்ணன் உங்ககிட்ட படிச்சவருன்னு சொன்னாங்க. நான் யாருகிட்டயும் படிச்சதில்ல."

"மறுக்கிறீங்களா?"

"இல்ல டீச்சர். அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

விற்க வந்தவர் ஒப்புக்கொண்டார். தீர்ப்புக்கு வேலையில்லை. டீச்சர் காசையும் லென்ஸையும் ஏகாம்பரத்தின் பக்கம் நகர்த்தினார்.

"என்ன பார்த்தீங்கண்ணா?"

"ஓரத்துலீங்க," என்றார் ஏகாம்பரம். "ஓரத்துல ஒரு கோடு. வார்ப்பு அச்சு ரெண்டும் சேர்ற கோடு."

"எங்க?"

அவர் லென்ஸைக் கண்ணில் வைத்தார். கோடு இல்லை. ஓரம் வெடித்திருந்தது, சுத்தியல் அடியில் பிளந்த பிளவு. இரண்டு வீரர்களும் பெரிதாக எழுந்து நின்றார்கள். கண் இருந்தவன் இவரைப் பார்க்கவில்லை. எதிரே நிற்பவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருமுறை துணி வாங்கும் வெளிநாட்டுக்காரருடைய ஆள் ஒருவன் இவர் குடோனுக்கு வந்து, அருமையான பெட்ஷீட்டுகளைக் குவித்துப் போட்டு, சாயம் ஒட்டவில்லை என்று எழுதிவிட்டுப் போனான். விலை குறைந்தது. ஏகாம்பரம் அன்றைக்கு அந்தத் துணியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிழிந்து பார்த்தார். சாயம் ஒட்டியிருக்கிறதென்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பிழிந்து பார்த்தார். அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று நினைத்தார்.

"இதா, இங்கீங்க," என்று ஓரத்தில் ஏதோ ஓர் இடத்தை விரலால் காட்டினார்.

டீச்சர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார்.

"சரி," என்றார்.

மேசைக்கடியிலிருந்து இரும்புக் கட்டையையும் உளியையும் சுத்தியலையும் எடுத்து வைத்தார். உளியின் பிடியை ஏகாம்பரத்தின் பக்கம் திருப்பி வைத்தார்.

கூட்டம் கூடிவிட்டது. ஹனீபா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தன் வீட்டில் யாருக்கோ ஊசி போடும்போது நிற்பதுபோல் நின்றார்.

ஏகாம்பரம் காசைக் கட்டையின்மேல் வைத்தார். உளியை வைத்தார். காசு சின்னது. உளி அதை மறைத்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சொல்வதற்கு நேரம் இருந்தது. வாய் வரவில்லை. இவ்வளவு பேர் முன்னால் வாயைத் திறப்பதைவிட சுத்தியலைத் தூக்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது. தூக்கினார். அடித்தார்.

உளி சறுக்கியது. காசு துண்டாகவில்லை. அதன்மேல் ஒரு கோடு மட்டும் விழுந்தது. பச்சைக்கு நடுவில் அந்தக் கோடு சிவப்பாக, புதிதாகப் பளபளத்தது.

அதை அவரால் பார்க்க முடியவில்லை.

"இன்னொரு தட்டு தட்டுங்கண்ணா," என்று யாரோ சொன்னார்கள்.

ஏகாம்பரம் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நல்ல காசுங்க," என்றார்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"என்ன சொல்றாரு?"

"நல்ல காசுங்க இது. அடிச்ச காசு. எனக்குத் தெரியும். எடுக்கறப்பவே தெரியும்."

பொன்னுரங்கம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்புறம் எதுக்குங்கண்ணா வார்ப்புன்னீங்க?"

"விலையைக் குறைக்க."

"இதுல என்னத்தைக் குறைக்கிறது?" பொன்னுரங்கத்துக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "உங்க வீட்டு நாய்க்கு ஒருநாள் சோறு இந்தக் காசுக்கு மேல வருமே."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். ஏகாம்பரம் இரும்புக் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக நகர்ந்துபோனார்கள்.

ஹனீபா காசை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்தார். கோடு போகவில்லை.

"அண்ணே," என்றார்.

"சொல்லுங்க."

"தட்டுல இருக்கற மத்ததும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் பாய்."

"நல்லதுதானா?"

"எல்லாம் நல்லதுங்க. அத்தனையும் நல்ல காசு."

ஹனீபா கொஞ்சம் யோசித்தார். "இதை நம்பலாமாண்ணே?" என்றார்.

அதில் குத்தல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது. ஏகாம்பரம் பதில் சொல்ல வாயெடுத்தார். அவர் சொல்லும் எந்தப் பதிலும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது என்று தெரிந்தது.

டீச்சரைப் பார்த்தார். டீச்சர் உளியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், நான் ஒண்ணு சொல்றேன்," என்றார் ஏகாம்பரம். "தட்டோட குடுத்துருங்க. நீங்க சொல்ற விலை. ஒரு பைசா குறைக்க மாட்டேன். மேல போட்டுத் தர்றேன்."

"தட்டோடயா?"

"தட்டோட."

"வேணாம்ணே. தட்டு போயிட்டா என் மேசை காலியாப் போயிரும். சாயங்காலம் வரைக்கும் நான் அங்க உக்காந்திருக்கணும். நாலு பேரு வந்து எடுத்துப் பாக்கணும். அவங்க பாக்காம நீங்க வாங்கிட்டுப் போனா, பணம் இருக்கும். நான் அடுத்த வருஷம் இங்க எப்படி வர்றது?"

ஏகாம்பரம் பையிலிருந்து எடுத்த பர்ஸைத் திரும்ப உள்ளே வைத்தார்.

டீச்சர் அப்போதுதான் பேசினார். "ஹனீபா, உங்க மேசையில இன்னொரு நாற்காலி போட இடம் இருக்குமா?"

"இருக்கும் டீச்சர்."

டீச்சர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் சுவரோரம் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு எங்கே போனாலும் நாற்காலி இழுத்துப் போட ஆள் உண்டு. அன்று நாற்காலியின் கால் ஒவ்வொரு மேசையிலும் இடித்தது.

மத்தியானம் வரை அந்த மேசைக்கு யாரும் வரவில்லை. பிறகு வெளியூரிலிருந்து புதிதாகச் சிலர் வந்தார்கள். ஒரு கணவனும் மனைவியும் தட்டருகே நின்றார்கள். அந்தப் பெண் ஒரு காசை எடுத்தார்.

"நெசமான ரோமக் காசுங்களா?" என்று ஏகாம்பரத்திடம் கேட்டார். வயதைப் பார்த்து அவர்தான் கடைக்காரர் என்று நினைத்துவிட்டார்.

"நெசமானதுங்க. ஆனா ஒரு விஷயம். காலையில நான் இதுல ஒரு காசை வார்ப்புன்னு பொய் சொல்லிட்டேன். வெளியில யாராச்சும் அப்படிச் சொன்னா நம்பாதீங்க."

கணவன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் காசைச் சூடு பட்டதுபோல் கீழே வைத்தார். "வர்றோமுங்க" என்று இருவரும் போய்விட்டார்கள்.

ஹனீபா அவர்கள் போவதைப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க உண்மையைச் சொல்றீங்க, சரிதான். ஆனா ஆளு காசைப் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்றீங்க."

"எப்பச் சொல்லட்டும்?"

"கேட்டா சொல்லுங்க. கேக்காட்டி அவங்க பாக்கட்டும்."

அதன்பிறகு ஏகாம்பரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டவர்களுக்குச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவைபோலவே இருந்தது. சிலர் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர், "உங்களை எனக்குத் தெரியுமே, நீங்க ஏகாம்பரம் எக்ஸ்போர்ட்ஸ் இல்லீங்களா?" என்றார். ஆமாம் என்றார். "நீங்களா?" என்றார் அவர். அதற்கும் ஆமாம் என்றார்.

ஹனீபா வெளியே போய் டீ வாங்கி வந்தார். இரண்டு கிளாஸ். ஒன்றை அவர் முன்னால் வைத்தார். ஏகாம்பரம் டீயைப் பார்த்தார். அதை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

சாயங்காலத்துக்குள் சில காசுகள் போயின. பொன்னுரங்கம்கூட வந்து கவுன்சிலர் மூக்கை வாங்கிப்போனார். லென்ஸை இரவல் வாங்கி, இரண்டு பக்கமும் ஓரமும் பார்த்து, அப்போதும் ஏகாம்பரத்தைப் பார்க்காமல் ஹனீபாவைப் பார்த்தே பேசி வாங்கினார்.

கோடு விழுந்த காசை இன்னொருவர் எடுத்தார். "இது என்னங்க, புதுசா ஒரு கீறல்?"

"இன்னிக்குப் பட்டதுங்க," என்றார் ஹனீபா.

எப்படி என்று அவர் கேட்கவில்லை. வைத்துவிட்டுப் போனார்.

மேசைகள் காலியாக ஆரம்பித்தன. ஹனீபா மீதிக் காசுகளைப் பருத்தித் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டினார். கடைசியில் அந்தக் காசு மட்டும் தட்டில் கிடந்தது. அதைக் கையில் எடுத்து ஏகாம்பரத்திடம் நீட்டினார்.

"வேணுமாண்ணே? காலையில சொன்ன விலைதான்."

வேண்டும் என்று சொல்ல ஏகாம்பரத்துக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. ஹனீபா கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தார். பிறகு, அவரைச் சங்கடப்படுத்த விரும்பாதவர்போல், காசைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையைத் தோளில் மாட்டினார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வர்றேண்ணே."

ஏகாம்பரம் எழுந்து நின்றார். கும்பிட்டார். ஹனீபா பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டு வாசற்படியில் இறங்கினார்.

டீச்சர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார். ஏகாம்பரம் இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தார். கூடத்தைப் பெருக்க வந்த பெண், நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் எடுத்துப்போனாள்.

"டீச்சருங்க."

"சொல்லுங்கண்ணா."

"கையில வாங்குன உடனே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது."

"அப்பவே நல்ல காசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே." அவர் காலியான மேசையைப் பார்த்தார். "ஹனீபாவுக்கு இத்தனை அலைச்சல் இல்ல. காசுக்கும் கோடு விழுந்திருக்காது. எனக்கும்..."

டீச்சர் கடைசி ஜன்னலின் கொக்கியை மாட்டினார்.

"நான் சொல்லியிருந்தா, அண்ணனுக்கு இன்னும் காசு பார்க்கத் தெரியல, தப்பாப் பார்த்துட்டாருன்னு எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. நீங்களும் கூடச் சேர்ந்து சிரிச்சிருப்பீங்க," என்றார். "ஆனா நீங்க சரியாத்தானேண்ணா பார்த்தீங்க."